மார்ச் மூன்றின் பச்சைப் பொட்டலம்

அத்தியாயம் 6

யென் பாவ்ச்சூவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, நடைதான் வேகமாகும். சின்சூ நகரத்து மூளை ஆராய்ச்சி நிலையத்தின் படிகளை அன்று அவள் ஏறிய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், உதவியாளன் ஆ-குவெய் முதல் மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். இருபது வருடம் டாக்ஸி ஓட்டியவன், கால்களை பிரேக் மிதிக்க மட்டுமே பழக்கியிருந்தான். லிஃப்ட் இருக்கிறதே என்று கீழிருந்து கேட்டான். லிஃப்டுக்காக நிற்கும் பொறுமை இன்றைக்கு இல்லை என்று மேலிருந்து பதில் வந்தது.

மணி ஒன்றரை. நாலு மணிக்கு இதே கட்டடத்தில் ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஃபான் ஷூச்சின் என்ற இருபத்தொன்பது வயதுப் பெண்ணை வெளியே தள்ளப் போகிறார்கள். ஐந்து வருட ஆராய்ச்சி போகும், டாக்டர் பட்டம் போகும். மோசடிக்காரி என்ற பெயரோடு போகிறவளை இனி எந்த ஆய்வுக்கூடமும் உள்ளே விடாது. அவள் மைக்ராஸ்கோப்பில் எடுத்ததாகச் சொன்ன படம் போலி, கம்ப்யூட்டரில் ஜோடித்தது என்பது குற்றச்சாட்டு.

பாவ்ச்சூவின் அலுவலகத்துக்குக் கீழே முட்டை ரொட்டிக் கடை வைத்திருப்பவள் ஷூச்சினின் அக்கா. நேற்றுக் காலை ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ரொட்டி கருகிவிட்டது. பாவ்ச்சூ அந்தக் கருகிய ரொட்டியையே தின்றுவிட்டு வேலையை ஏற்றுக்கொண்டாள். போலீசில் பதினெட்டு வருடம் இருந்தவள் அவள். மேலதிகாரி ஒருவன் தன் தப்பைச் சின்னக் கான்ஸ்டபிள் ஒருவன் தலையில் கட்டியபோது, அந்த அறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பாவ்ச்சூவும் போட்டாள். மறுமாதம் வேலையை விட்டாள். கையெழுத்து மட்டும் அவளை விடவில்லை.

ஷூச்சின் தன் வேலையை விளக்கியதும் அந்தக் கடையில்தான். இரண்டு கொழுக்கட்டைகளை ஒன்றையொன்று தொடாமல் தட்டில் வைத்தாள். இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்துக்குப் பெயர் சினாப்ஸ். சந்திப்பு என்று பேர்தானே தவிர நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி உண்டு. இந்தப் பக்கத்து ஓரத்தில் குட்டிக் குட்டிப் பைகள் காத்திருக்கும். மின்சாரம் வந்து கூப்பிட்டால் ஒரு பை வெடித்து, அதற்குள் இருப்பது அந்தப் பக்கம் போய்ச் சேரும். நினைப்பு, பயம், ஆசை எல்லாம் இப்படித்தான் தாண்டிப் போகின்றன. பை வெடித்தால் புள்ளியாக ஒளிரும்படி அவள் ஒரு சாயம் சேர்த்து, ஒவ்வொரு புள்ளியையும் படம் பிடித்தாள்.

அவளுக்கு ஒரு மாடி கீழே, சுவாங் வெய்ரன் என்ற மூத்த ஆய்வாளர் அதே சினாப்ஸைக் கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். பத்து வருடமாக அவர் கட்டிய கணித மாதிரியில் சினாப்ஸ் ஒரு நல்ல குமாஸ்தா. கூப்பிட்டால் பதில் சொல்லும். ஓயாமல் கூப்பிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போகும். ஷூச்சினின் படத்தில் இருந்ததோ வேறு.

"நூறு தடவ கூப்பிட்டா எழுபது தடவ பதிலே வராது. அப்புறம் திடீர்னு ஒரே நேரத்துல ரெண்டு பதில் வரும்," என்றாள் ஷூச்சின்.

"அரசாங்க ஆபீஸ் போன் மாதிரின்னு சொல்லும்மா, எனக்கே புரிஞ்சுடும்," என்றான் ஆ-குவெய். இரண்டு மாதத்தில் அவள் சிரித்தது அப்போதுதான் என்று அக்கா சொன்னாள்.

படத்தின் தேதி மார்ச் 11. மைக்ராஸ்கோப்பின் பதிவேட்டிலோ, மார்ச் 3 முதல் 20 வரை லேசர் வேலை செய்யவில்லை என்று ஷூச்சினின் பெயரிலேயே குறிப்பு இருக்கிறது. ஓடாத இயந்திரத்தில் படம் எப்படி எடுத்தாய் என்று கேட்டால், இயந்திரம் ஓடியது, அந்தக் குறிப்பை நான் எழுதவே இல்லை என்கிறாள். அவளுடைய ரகசியச் சொல் எல்லோருக்கும் தெரியும், திரையின் ஓரத்தில் மஞ்சள் காகிதத்தில் ஒட்டியே வைத்திருந்தாள். மூலப் படம் இருந்த டிஸ்க்கும் மேஜை இழுப்பறையிலிருந்து மாயமாகிவிட்டது. மார்ச் மாதம் முழுக்க ஆய்வுக்கூடத்தின் தலைவர் பெய் வெளிநாட்டில் இருந்தார். மாடியில் ஷூச்சின், கீழே சுவாங், அவ்வளவுதான் ஆட்கள். சுவாங்குக்கு மேலே என்ன நடந்தது என்று தெரியாதாம்.

அதனால் இரண்டாம் மாடியில் சுவாங்கின் அறையில்தான் பாவ்ச்சூ முதலில் நின்றாள். ஐம்பதை நெருங்கும், அடக்கமான மனிதர். திரையில் புள்ளிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு புள்ளி, நீண்ட வெற்றிடம், ஒரு புள்ளி, மறுபடி வெற்றிடம். விருந்தாளி வந்தால் தொலைக்காட்சியை அணைக்கிற மரியாதையோடு அவர் திரையை அணைத்துவிட்டு, தேநீர் ஊற்றினார். ஷூச்சினின் பேச்சை எடுத்ததும் கண் கலங்கினார். அவள் இங்கே சேர்ந்த நாளிலிருந்து தன்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள் என்றார்.

"நானும் அவளை நம்பத்தான் பாத்தேன் மேடம். ஆனா மேல ஒண்ணு இருக்கு. அதப் பாத்தப்புறம் என்னால முடியல. வாங்க, காட்டறேன்."

மூன்றாம் மாடியில் மைக்ராஸ்கோப் அறை. சுவாங் தன் அட்டையைக் கதவில் காட்டினார். மூன்றே அட்டைகளுக்குத்தான் இந்தக் கதவு திறக்கும், ஷூச்சினின் அட்டையை மார்ச் 25-ஆம் தேதியே ரத்து செய்துவிட்டார்கள், மிச்சம் தானும் பெய்யும்தான் என்று பாவ்ச்சூ கேட்டதற்குச் சொன்னார். செருப்பை மாற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு கட்டில் அளவு மேஜையில் கண்ணாடிகளும் குழாய்களும் நிறைந்த பெரிய இயந்திரம். அதன் நெற்றியில் ஒரு பச்சைப் பொட்டலம் ஒட்டப்பட்டிருந்தது.

தேங்காய்ச் சுவைப் பொரி. அந்த ஊரில் இயந்திரம் இருக்கும் இடமெல்லாம் அது இருக்கும். சொன்னபடி கேள் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் பொட்டலம் அது. பச்சையாகத்தான் இருக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் இயந்திரம் கோபித்துக்கொள்ளும். பிரித்துத் தின்னக் கூடாது. காலாவதியாகக் கூடாது. வைத்த தேதியை எழுதி வைப்பார்கள். இயந்திரம் நின்றுபோனால் முதல் காரியம் பழைய பொட்டலத்தை எடுத்துவிட்டுப் புதிது வைப்பதுதான், பழுது பார்க்கும் ஆளுக்குப் போன் போடுவதெல்லாம் அப்புறம்.

பொட்டலத்தின் மேல் கறுப்பு மையில் எழுதியிருந்தது: மார்ச் 3.

சுவாங் பெருமூச்சு விட்டார். இயந்திரம் நிற்காமல் யாரும் பொட்டலத்தை மாற்ற மாட்டார்கள், மார்ச் 3-ல் மாற்றியிருக்கிறது என்றால் அன்றைக்கு இயந்திரம் நின்றது நிஜம்தானே என்றார். பேராசிரியர் பெய்க்கு இதெல்லாம் சிரிப்பு, இருபது வருடம் அயல்நாட்டில் இருந்துவிட்டு வந்தவர், போன வருடம் ஒரு கூட்டத்தின்போது பசிக்கிறது என்று பொட்டலத்தைப் பிரித்துத் தின்றேவிட்டார் என்றும் சொன்னார்.

"தின்னுட்டாரா?" ஆ-குவெய்க்கு நிஜமாகவே முகம் வெளுத்தது.

"அடுத்த வாரம் நாலு நாள் மெஷின் படுத்துடுச்சு," என்றார் சுவாங் மெல்லிய குரலில். இரண்டு பேரும் துக்க வீட்டில் நிற்பவர்கள்போலத் தலையாட்டிக்கொண்டார்கள்.

பாவ்ச்சூ நடைபாதைக்கு வந்து ஷூச்சினுக்குப் போன் போட்டாள். கோபம் இப்போது அவள் பக்கம் திசை மாறியிருந்தது. கருகிய ரொட்டியைத் தின்றதற்கு இதுதான் பலனா என்று நினைத்தாள். மைக்ராஸ்கோப் பொட்டலத்தைக் கடைசியாக எப்போது மாற்றினாய் என்று ஒரே கேள்விதான் கேட்டாள். புத்தாண்டுக்கு முன்னால் அறையைச் சுத்தம் செய்தபோது, ஜனவரியில், என்று பதில் வந்தது. அதற்கப்புறம் தொடவில்லையா என்றாள். இயந்திரம் நிற்கவே இல்லையே, எதற்குத் தொட வேண்டும் என்றாள் அந்தப் பெண். அப்படிக் கேட்டபோது அவள் குரலில் தந்திரம் ஒன்றும் இல்லை, களைப்புதான் இருந்தது. ஆனால் களைப்பை வைத்து யாரையும் காப்பாற்ற முடியாது.

ஆ-குவெய் பின்னாலேயே வந்தான். அவனும் கடுகடுவென்றுதான் இருந்தான், ஆனால் அவன் கடுப்பு வேறு.

"படிச்சவங்களுக்கு மட்டும் இவ்ளோ புதுசு எங்க கெடைக்குதுன்னு தெரியல அக்கா. நானும் மார்ச்லதான் வண்டிக்குப் பொட்டலம் மாத்துனேன். மூணு கடை ஏறி எறங்கி, அலமாரியில பின்வரிசை வரைக்கும் கைய விட்டுத் துழாவுனேன். நவம்பர் முதல் வாரத்துக்கு மேல காலாவதித் தேதியே இல்ல. உள்ள இருக்கறது டிசம்பர் பத்து வரைக்கும் வருது."

பாவ்ச்சூ அவனையே பார்த்தாள். "எங்க போட்டிருக்கு?"

"கீழ் ஓரத்துல. பச்சப் பொட்டலத்தப் பாத்தா தேதியப் பாக்காம எப்படி இருக்க முடியும்?"

அவள் திரும்ப உள்ளே போனாள். சுவாங் தேநீர்க் கோப்பைகளைக் கழுவத் தன் அறைக்கு இறங்கிவிட்டிருந்தார், கதவு சாத்தாமல் ஒரு செருப்பு அணையாக இருந்தது. ஆ-குவெயைப் பொட்டலத்தை உரிக்கச் சொன்னாள். வேண்டுமானால் வேலையை விட்டு நிறுத்துங்கள், அதை மட்டும் தொட மாட்டேன் என்று அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவளே ஒட்டுநாடாவைப் பாதி உரித்துப் பொட்டலத்தின் முதுகைப் பார்த்தாள். தயாரித்த நாளிலிருந்து எட்டு மாதம் வரை நன்றாக இருக்கும் என்று பொடி எழுத்தில் இருந்தது.

டிசம்பர் பத்திலிருந்து எட்டு மாதத்தைக் கழித்தால் ஏப்ரல் பத்து. மார்ச் மூன்றாம் தேதி வைத்ததாக எழுதியிருக்கும் பொட்டலம், மார்ச் மூன்றாம் தேதி பிறக்கவே இல்லை.

ஏப்ரலில் ஷூச்சினின் அட்டைக்கு இந்தக் கதவு திறக்காது. அப்படியென்றால் ஜனவரிப் பொட்டலத்தை எடுத்துவிட்டு இதை வைத்தது மிச்சமிருக்கும் இருவரில் ஒருவர். பாவ்ச்சூவின் காதுமடல் சூடானது. படி ஏறி வந்தபோது இருந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எவனோ ஒருவன் ஒரு பெண்ணின் பெயரில் பொய் எழுதியது போதாமல், அதற்குச் சாட்சி சொல்ல ஒரு பொரிப் பொட்டலத்தையும் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறான்.

"பெய்தான் அக்கா. சாமி பொட்டலத்தையே தின்ன ஆளு, எதுக்கும் துணிஞ்சவன்," என்றான் ஆ-குவெய்.

பாவ்ச்சூ படிப் பக்கம் திரும்பினாள். ஐந்தாம் மாடிக்குப் போய்ப் பேராசிரியர் பெய்யைக் கையோடு கூட்டி வந்தாள். உயரமான மனிதர், வரும் வழியெல்லாம் முணுமுணுத்தார். பதிவேட்டில் எண்கள் இருக்கும்போது இன்னும் என்ன துப்பறிய வேண்டியிருக்கிறது என்றும், நாலு மணிக்குள் தன் ஆய்வுக்கூடத்தின் மானத்தை அடக்கம் செய்ய வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். சுவாங்கும் மேலே வந்து சேர்ந்தார். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது, காலையில் பெய் ஏதோ ஓட விட்டிருந்தார்.

இரண்டு பேரும் பார்க்க, பாவ்ச்சூ பொட்டலத்தை இயந்திரத்தின் நெற்றியிலிருந்து முழுதாக உரித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கமிட்டிக்குக் காட்ட வேண்டும், மாலையில் திருப்பித் தருகிறேன் என்றாள்.

பெய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொட்டலம் போனதைக் கவனித்தாரா என்பதே சந்தேகம்.

சுவாங் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். "மேடம், மெஷின் ஓடிட்டிருக்கு. வெறுமையா விடக் கூடாது. ஒரு நிமிஷம் இருங்க, என்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூச்சிரைக்க ஏறி வந்தவரின் கையில் பச்சைப் பொட்டலம் இருந்தது. பாவ்ச்சூ அதை வாங்கிக் கீழ் ஓரத்தைப் பார்த்தாள். டிசம்பர் பத்து. கைப்பையில் இருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். டிசம்பர் பத்து. அதன் கீழே இருந்த தொழிற்சாலை எண்ணும் ஒன்றுதான்.

"எப்ப வாங்குனீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏப்ரல் கடைசியில. கீழ என் சர்வருக்கு ஒண்ணு, கையிருப்புக்கு..." என்று ஆரம்பித்த சுவாங்கின் வாய் பாதியில் நின்றது.

பாவ்ச்சூ பெய்யிடம் கணக்கைச் சொன்னாள். டிசம்பரிலிருந்து எட்டைக் கழிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இது வேறு யாராவதுகூட வைத்திருக்கலாமே, நான்கூட வைத்திருக்கலாமே என்றார் அவர், ஒரு விஞ்ஞானியின் நேர்மையோடு.

"நீங்க வச்சிருந்தா, கையில கெடைச்ச பழைய பொட்டலத்த ஒட்டிட்டுப் போயிருப்பீங்க," என்றாள் பாவ்ச்சூ. "மார்ச் தேதிக்குப் பொருத்தமாவும் இருந்திருக்கும், நானும் நம்பியிருப்பேன். வச்சது நம்பிக்கை உள்ள ஆளு. பொய்யா தேதி எழுதும்போதுகூட மெஷினுக்குப் பழசு வைக்க மனசு வரல. கடைக்குப் போய், பின்வரிசை வரைக்கும் கைய விட்டு, இருக்கறதுலயே புதுசாப் பாத்து எடுத்திருக்கான்."

ஆ-குவெய் தன்னையறியாமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டான்.

இந்த இடத்திலிருந்து சுவாங்குக்கு 'அவர்' கிடையாது. அவன் சுவரில் சாய்ந்து நின்றான். பொட்டலத்தை வைத்தது மட்டும்தான் தான் என்றும், ஷூச்சினின் படம் நிஜமாகவே சந்தேகத்துக்குரியது என்றும் ஏதோ சொல்லப் பார்த்தான். பாவ்ச்சூ அவனைக் கடந்து இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். மற்ற மூவரும் பின்னால் வந்தார்கள். அவன் திரையை அவளே போட்டாள். புள்ளிகள் விட்ட இடத்திலிருந்து ஓடின. இரண்டு புள்ளி, நீண்ட வெற்றிடம், ஒரு புள்ளி.

"உங்க கணக்குல சினாப்ஸ் ஒழுங்கான குமாஸ்தான்னு கேள்விப்பட்டேன். போனே எடுக்காத ஆபீஸ் இங்க எப்படி வந்துச்சு?"

பெய் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. இது புது மாதிரி, இதைக் கட்ட நிஜமான படம் வேண்டும், இந்த உலகத்தில் அப்படிப்பட்ட படம் ஒன்றே ஒன்றுதான் எடுக்கப்பட்டிருக்கிறது, அதைத்தான் நாம் போலி என்று சொல்லிவிட்டோம் என்றார்.

டிஸ்க் சர்வர் அலமாரிக்குள்ளேயே இருந்தது, ஷூச்சினின் கையெழுத்தில் மார்ச் 11 என்று எழுதிய சீட்டோடு. முதலில் அதை அழிக்கத்தான் எடுத்தானாம். பத்து வருட உழைப்பு ஒரு சின்னப் பெண்ணின் படத்தால் தரைமட்டமாவதைத் தாங்க முடியவில்லையாம். எடுத்துப் பார்த்தால் படம் அத்தனை அழகாக இருந்ததாம். அதனால் அவளைப் போலி என்று வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் அதையே தானே கண்டுபிடிப்பதாக இருந்தானாம். இதையெல்லாம் தணிந்த குரலில், தேநீர் ஊற்றிய அதே பணிவோடு சொன்னான்.

பாவ்ச்சூவின் குரல் வாழ்க்கையில் முதல் தடவையாக உயர்ந்தது.

"அந்த மெஷினுக்குப் பழைய பொரிய வச்சு ஏமாத்த ஒனக்குப் பயமா இருந்துச்சு. அண்ணான்னு கூப்பிட்டவள ஏமாத்த ஒரு பயமும் இல்ல."

சுவாங் தரையைப் பார்த்தான். 

பெய் தொண்டையைச் செருமினார். நாலு மணிக் கூட்டம் நடக்கும், ஆனால் விசாரணை வேறு ஆளைப் பற்றியதாக இருக்கும், ஷூச்சினின் அட்டை இன்றைக்கே திறந்துவிடப்படும், நாளை முறைப்படி ஒரு கடிதம் அனுப்பப்படும் என்று அடுக்கினார். பாவ்ச்சூ ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

"கடிதம் இருக்கட்டும். ரெண்டு மாசம் அந்தப் பொண்ணு சொன்னத நீங்க ஒரு தடவகூட மாடியேறிப் போய்ச் சரிபாக்கல. இப்பவே போன் போடுங்க. நீங்களே மன்னிப்புக் கேளுங்க."

பெய் போனை எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது. அவர் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு அந்தப் பெண் எடுக்காமல் இருக்கிறாள் என்பது அறையில் எல்லோருக்கும் புரிந்தது. மறுபடி போட்டார். பதில் இல்லை. மூன்றாவது தடவையும் பதில் இல்லை.

இதற்கிடையில் ஆ-குவெய் அந்த நாற்காலியைத் தாண்டி, வெளியே தொடங்கியிருந்த மழையில் இறங்கிப்போய், தன் வண்டியிலிருந்த நவம்பர்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்தான். யாரையும் கேட்காமல் பெய்யின் சட்டைப் பையிலிருந்து அவருடைய அட்டையை உருவிக்கொண்டு மேலே போய், மைக்ராஸ்கோப்பின் நெற்றியில் அதை ஒட்டிவிட்டு வந்தான். சுவாங் வாங்கியது எதுவும் அதன் மேல் இருக்கக் கூடாதாம். நாளைக்கு அந்தப் பெண் வந்து வேலை பார்க்க வேண்டுமே. வண்டி திரும்பக் கிளம்புமா என்று பாவ்ச்சூ கேட்டாள். கிளம்பாது, நீங்கள்தான் தள்ள வேண்டும் என்றான்.

நான்காவது தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. பெய் போனை இறக்கினார். அவள் எடுக்க மாட்டேன் என்கிறாளே, நான் என்ன செய்வது என்றார்.

"நூறு தடவ கூப்பிட்டா எழுபது தடவ பதில் வராது," என்றாள் பாவ்ச்சூ. "அத நிரூபிக்கத்தான் அவ அஞ்சு வருஷம் ஒழைச்சா. கூப்பிட்டுட்டே இருங்க."

பெய் ஐந்தாவது தடவையாக எண்ணை அழுத்தினார்.